மலைப்பாதையில் ஒரு மிதிவண்டிக் குழு

மும்பை மாநகரின் ஹார்பர் ரயில் பாதையில், குர்லாவுக்கும் குரு தேக் பகதூர் நகருக்கும் இடையே சுனாபட்டி என்றொரு சிறு நிலையம் இருக்கிறது. சுனா என்பது சுண்ணாம்பு. பட்டி என்பது சூளை. நம்மூர்ச் சொல்லில் கூறினால் சுண்ணாம்புக் காளவாய். காளவாய்கள் என்றோ மறைந்தன. பின்னர் அப்பகுதியில் புகழோடு விளங்கிய சுதேசி ஆலையும் மூடப்பட்டுவிட்டது. பெயர் மட்டும் நிலைத்திருக்கிறது. தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்றும் இங்கிருந்து மிதிவண்டியில் எட்டிவிடும் தொலைவுதான். ஆகையால் மும்பைத் தமிழர் வாழ்வின் நடுவிடம் என்று சுனாபட்டியைச் சொன்னாலும் பொருந்தும்.

இவ்வட்டாரத்தில் மிதிவண்டி என்பது பிழைப்புக்கான கருவி. விடியற்காலையில் அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் வடையும் சட்னியும் கட்டிக்கொண்டு, ஹாரனை அமுக்கியபடி தெருத்தெருவாக வரும் நம்மவரை மும்பையில் அறியாதார் இல்லை. பால்காரரும், செய்தித்தாள் போடும் பையனும், சாப்பாட்டு டப்பா சுமக்கும் தொழிலாளரும் மிதிவண்டியை நம்பியே வாழ்கின்றனர். அவர்களிடம் சென்று, "இதே வண்டியை மலைமேல் ஏற்றி, கல்லிலும் சேற்றிலும் இறக்கி, ஒரு காசும் பெறாமல் ஓட்டுவோர் சிலர் உண்டு" என்று சொன்னால் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு உரியவர்கள் நாங்கள். எங்கள் குழுவின் வாழ்வைப் பற்றியே இன்று சில சொற்கள் சொல்ல விரும்புகிறோம்.

நாங்கள் ஒன்பது பேர். மத்திய அரசின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். செம்பூரில் வசிக்கும் வங்கி எழுத்தர் ஒருவர். பள்ளி ஆசிரியர் ஒருவர். தாராவியின் தோல் பைப் பட்டறைகளில் வேலை செய்யும் இளைஞர் இருவர். வீட்டுக்கு வீடு உணவுப் பொட்டலம் கொண்டு சேர்க்கும் தொழிலாளி ஒருவர். ஆலைத் தொழிலாளியின் மகனான மராட்டிய இளைஞர் ஒருவர். மாதுங்காவில் படிக்கும் கல்லூரி மாணவி ஒருத்தி. மிதிவண்டி பழுதுபார்க்கும் கடைக்காரர் ஒருவர். கடைக்காரரை எல்லோரும் அண்ணாச்சி என்றே அழைக்கிறோம். மராட்டிய இளைஞருக்கும் அவர் அண்ணாச்சிதான். குழுவுக்குப் பெயரும் இல்லை, கொடியும் இல்லை.

முதலில் இவ்விளையாட்டு இன்னது என்பதைச் சிறிது விளக்க வேண்டும். தார்ச்சாலையில் ஓடும் பந்தய வண்டியும் மலைப்பாதையில் ஓடும் வண்டியும் உருவத்தில் உறவினர், குணத்தில் வேறானவர். சாலை வண்டியின் டயர் விரல் பருமனுடையது. சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு அழுத்தம் வரை காற்றடைக்கப்படுவது. மலை வண்டியின் டயரோ இரண்டு அங்குலத்துக்கு மேற்பட்ட அகலமுடையது. அதில் 20 முதல் 30 பவுண்டு அழுத்தமே போதும். காற்றுக் குறைந்தால் வண்டி மந்தமாகும் என்பது நம் பொது அறிவு. கரடுமுரடான தரையில் அதற்கு மாறாக நிகழ்கிறது. மெத்தென்ற டயர் கல்லை அணைத்துக்கொண்டு கடக்கிறது; விறைப்பான டயர் கல்லில் மோதித் துள்ளுகிறது. துள்ளும் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லை.

கியரும் அவ்வாறே. நம் தந்தையர் ஓட்டிய சாதாரண மிதிவண்டியில் பெடலை ஒரு முறை முழுதாகச் சுற்றினால் வண்டி 5 மீட்டருக்கு மேல் செல்லும். மலை வண்டியின் மிகத் தாழ்ந்த கியரில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டரே நகரும். செங்குத்தான ஏற்றத்தில் நடப்பவருக்கு இணையாக ஊர்ந்து செல்லுதல் இதனால் இயலுகிறது. முன்சக்கரத்துக்கு மேலே அதிர்ச்சி தாங்கும் ஷாக் அப்சார்பர், மழையிலும் சேற்றிலும் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கு ஆகியவை மற்ற உறுப்புகள்.

போட்டிகளும் பலவகைப்படும். 4 முதல் 6 கிலோமீட்டர் நீளமுள்ள சுற்றுப்பாதையில் பலமுறை சுற்றி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிப்பது ஒரு வகை. ஒலிம்பிக் விளையாட்டில் இடம்பெற்றிருப்பது இதுவே. மலையுச்சியிலிருந்து ஒருவர்பின் ஒருவராகப் புறப்பட்டு, மிகக் குறைந்த நேரத்தில் அடிவாரத்தை அடைவது இன்னொரு வகை. பல நாள் தொடர்ந்து மலைத்தொடர்களைக் கடந்து செல்வது மூன்றாவது வகை.

இவ்விளையாட்டு எந்த அரசாலும் எந்தப் பெருநிறுவனத்தாலும் தோற்றுவிக்கப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1955ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில், சாலையை விட்டு விலகிக் குன்றுகளிலும் புல்வெளிகளிலும் மிதிவண்டி ஓட்டுவதற்கென ரஃப் ஸ்டஃப் ஃபெல்லோஷிப் என்றொரு சங்கம் அமைந்தது. அவர்கள் நாடியது உலாவே, போட்டியன்று. போட்டியாக இது உருவெடுத்த இடம் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த மரின் வட்டாரம். அங்கே 1970களில் ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர், சார்லி கெல்லி முதலிய இளைஞர்கள், 1930களிலும் 1940களிலும் செய்யப்பட்டுப் பழைய சாமான் விலைக்குக் கிடைத்த தடித்த டயர் வண்டிகளைத் தேடி வாங்கி, மலைச்சரிவுகளில் ஓட்டலாயினர்.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கருகே ஏறத்தாழ 2 மைல் நீளச் சரிவில் முதற்போட்டி நடைபெற்றது. அப்பழைய வண்டிகளில் பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிரேக்கு பிடிக்கும். ஒரு முறை கீழே இறங்குவதற்குள் பின்சக்கர மையத்திலுள்ள கிரீஸ் சூடேறிப் புகையாகப் போய்விடும். மறுமுறை இறங்குமுன் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். மீண்டும் அடைப்பது என்ற பொருளில் அப்போட்டிக்கு 'ரீபேக்' என்ற பெயரே வழங்கலாயிற்று. பழைய வண்டிகள் தாங்காது போகவே, 1977இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே புதிய சட்டகம் ஒன்றைத் தம் கையால் செய்தார். 1990இல் கொலராடோவின் டுராங்கோ நகரில் உலக வாகையர் போட்டி. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் இடம். கிரீஸ் புகைந்த அந்த நாளுக்கும் ஒலிம்பிக் மேடைக்கும் இடையே கழிந்தவை 20 ஆண்டுகளே.

நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு முதல் இமாசலப் பிரதேசத்து மலைகளில் எம்.டி.பி. ஹிமாலயா என்னும் பலநாள் போட்டி நடைபெறத் தொடங்கியது. 2023ஆம் ஆண்டு அக்டோபரில் ஆசிய மலைமிதிவண்டி வாகையர் போட்டி திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள பொன்முடியில் நடந்தது. நாகர்கோவிலில் காலையுணவு உண்டு புறப்பட்டவர் மதியத்துக்குள் சென்றடையக்கூடிய இடத்தில் ஆசியாவின் தலைசிறந்த வீரர்கள் கூடினார்கள் என்பதை நம்முள் எத்தனைபேர் அறிவோம்?

மும்பைக்கும் இத்துறையில் பழம்பெருமை உண்டு. மும்பையிலிருந்து புணேவுக்கு ஓடும் சாலைப் பந்தயத்தில், கோப்போலி அடிவாரத்திலிருந்து கண்டாலாவுக்கு ஏறும் போர் காட் கணவாயே வீரர்களைச் சோதிக்கும் இடம். அந்த ஏற்றத்தை முதலில் முடிப்பவருக்கு 'காட்டாசா ராஜா' என்ற பட்டம். கணவாயின் மன்னன் என்பது பொருள். பந்தயத்தில் வென்றவர் பெயரை மறந்துவிட்ட முதியவர்கள்கூடக் கணவாய் மன்னனின் பெயரை நினைவில் வைத்திருப்பதை எங்கள் மராட்டிய நண்பரின் தெருவில் கேட்டிருக்கிறோம்.

இனி, 'அமெச்சூர்' என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அலுவலகத்தில் இச்சொல்லுக்கு மாற்றுச்சொல் தேடிய அனுபவம் எங்களுக்கு உண்டு. இந்தியில் 'ஷௌக்கியா' என்பர். ஆசைக்காகச் செய்பவர் என்று பொருள்படும். தமிழில் 'தொழில்முறை சாராதவர்' என்று எழுதினால் இல்லாததைச் சொல்லி நிறுத்திவிடுகிறோம். உள்ளது இன்னதென்று சொல்லவில்லை. மூலமான லத்தீன் சொல்லுக்கு 'அன்பு செய்பவன்' என்பதே பொருள். கூலிக்காக அன்றி விழைவுக்காக ஒன்றைச் செய்பவரே அமெச்சூர்.

தமிழருக்கு இது புதிதன்று. 1891ஆம் ஆண்டில் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தபோது, அதில் நடித்தவர்கள் வழக்கறிஞர்களும் உத்தியோகஸ்தர்களுமே. பகலில் நீதிமன்றம், இரவில் ஒத்திகை. நாடகத்தை இழிவாகக் கருதிய காலத்தில் அதற்கு மதிப்பைத் தேடித்தந்தவர்களுள் அவர்கள் முதன்மையானோர். பகலில் கோப்பு, விடியலில் குன்று என்று வாழும் எங்களுக்கு அவர்களுடைய நினைவு அடிக்கடி ஊக்கமூட்டுகிறது.

எங்கள் நாள் எப்படித் தொடங்குகிறது? வாரத்தில் நான்கு நாள், விடியற்காலை நான்கரை மணிக்கு அண்ணாச்சியின் கடைவாசலில் கூடுகிறோம். தாமதித்தவருக்காக ஐந்து நிமிடம் காத்திருப்போம். ஆறாவது நிமிடம் புறப்பட்டுவிடுவோம். செவ்வாயும் வியாழனும் சாலையில் பயிற்சி. சயான்–பன்வேல் நெடுஞ்சாலையில் செம்பூர், மான்குர்து வழியே வாஷிப் பாலத்தைக் கடந்து சென்று, அலுவலக நேரத்துக்குள் திரும்பிவிடுகிறோம். சனிக்கிழமை கார்கர் குன்று. ஞாயிற்றுக்கிழமை சற்றுத் தொலைவான மலைப்பாதைகள். மற்ற நாட்களில் உறக்கமும் ஒரு பயிற்சியே என்று ஆசிரியர் நண்பர் கண்டிப்பாகச் சொல்வார். உடல் வலுப்பெறுவது ஓட்டும்போதன்று, ஓய்வின்போதே. ஓட்டுவது தசையைக் களைக்கச் செய்கிறது, உறக்கமே அதைச் செப்பனிடுகிறது.

உணவில் பெருஞ்செலவு இல்லை. ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட கடும் உழைப்புக்கு மணிதோறும் 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்தோ சர்க்கரையோ வேண்டும் என்பது உடற்பயிற்சி நூலோர் கூறுவது. அயல்நாட்டிலிருந்து வரும் பொட்டலங்கள் இதற்கென விற்கின்றன. நாங்கள் வாழைப்பழம், பேரீச்சை, கடலைமிட்டாய் ஆகியவற்றைக் கொண்டே காலம் தள்ளுகிறோம். மும்பையின் புழுக்கத்தில் வியர்வையோடு உப்பும் வெளியேறுவதால், நீரில் எலுமிச்சையும் உப்பும் சர்க்கரையும் கலந்து எடுத்துச் செல்கிறோம்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்யும் மழை எங்கள் பள்ளிக்கூடம். வழுக்குப் பாறையில் முன்பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தாலும் வண்டி நம்மைக் கீழே தள்ளும். ஏற்றத்தில் இருக்கையை விட்டு எழுந்து மிதித்தால் பின்சக்கரத்தின் மேலுள்ள எடை குறைந்து அது சுழலும். முன்னே குனிந்து, அமர்ந்தபடியே மிதிக்க வேண்டும். இறக்கத்தில் உடலைப் பின்னே தள்ளி, பார்வையைத் தொலைவில் செலுத்த வேண்டும். எதிரிலுள்ள கல்லையே உற்றுப் பார்த்தால் வண்டி அந்தக் கல்லுக்கே செல்லும். கண் சென்ற வழியே கையும், கை சென்ற வழியே சக்கரமும் செல்கின்றன. இந்தப் பாடத்தை எங்கள் மாணவி ஒரே மழைக்காலத்தில் கற்றாள். எங்களுள் மூத்தோருக்கு மூன்று மழைக்காலம் பிடித்தது.

மழைக்காலத்துக்கென்று ஓர் எச்சரிக்கையும் உண்டு. தேங்கிய வெள்ளத்தில் சிராய்ப்புப் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் தொற்றக்கூடும். மும்பையில் ஆண்டுதோறும் மழையோடு வரும் நோய் இது. ஆகவே முழங்காலில் கீறல் பட்டவர் அன்றே கழுவி மருந்திடாமல் வீடு செல்லக்கூடாது என்பது எங்கள் விதி.

காட்டின் விதிகள் வேறு. போரிவலியின் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் அதையொட்டிய தாணே ஏயூர்க் குன்றுகளும் சிறுத்தைகள் உலவும் இடங்கள். ஆதிவாசி மக்கள் குடியிருக்கும் இடங்களும்கூட. விடியுமுன்னும் அந்தி சாய்ந்தபின்னும் அங்கே செல்வதில்லை. வனத்துறை திறந்துவிட்ட பாதைகளை விட்டு விலகுவதில்லை. குடிசைகளுக்கு அருகே வேகத்தைக் குறைக்கிறோம். ஆடுமாடு எதிர்ப்பட்டால் இறங்கி நிற்கிறோம். நமக்கு விளையாட்டுக்களமாக இருப்பது பிறருக்கு வாசல் என்பதை மறந்த குழு நெடுநாள் நிலைக்காது.

இப்பொழுது எங்கள் பேச்சின் மையமான கருத்துக்கு வருகிறோம். கால்பந்தாட்டத்தில் பந்தைத் தோழனுக்குத் தள்ளலாம். சாலை மிதிவண்டிப் பந்தயத்தில்கூட முன்செல்பவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போக, பின்வரும் தோழர் இளைப்பாறலாம். குறுகிய மலைப்பாதையில் இவை எவையும் இல்லை. ஒருவர் மட்டுமே செல்லக்கூடிய வழி, எதிரே கல், தன் மூச்சு, தன் கால். வண்டி பழுதானால் ஓட்டுபவரே சீர்செய்துகொள்ள வேண்டும், வெளியார் உதவி கூடாது என்பது இவ்விளையாட்டின் பழைய விதி. பின்னாளில் அது தளர்த்தப்பட்டு, குறித்த இடங்களில் மட்டும் உதவி பெறலாம் என்றாயிற்று. சிறிய போட்டிகளில் இன்றும் பாதி வழியில் டயர் போனால் பஞ்சர் ஒட்டத் தெரிந்தவர் முடிப்பார். தெரியாதவர் வண்டியைத் தோளில் சுமந்து வருவார்.

அப்படியானால் குழு எதற்கு? போட்டி நாளில் தனியாக நிற்கும் வலிமையை மற்ற நாட்களெல்லாம் சேர்த்துக் கொடுப்பதற்காகவே குழு. வங்கி எழுத்தரின் கைக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியாது. அண்ணாச்சி அவரைக் கண்ணை மூடிக்கொண்டு டியூப் மாற்றப் பழக்கினார். எட்டு நிமிடம் பிடித்த வேலையை இன்று அவர் மூன்று நிமிடத்தில் முடிக்கிறார். அண்ணாச்சிக்கு ஏற்றத்தில் மூச்சு வாங்கும். பட்டறை இளைஞர் ஒருவர் அவருக்கு முன்னே சென்று, அவர் வேகத்துக்கே மிதித்து, பேச்சுக் கொடுத்துக்கொண்டே மேலே அழைத்துச் செல்வார். கற்றுக்கொடுத்தவர் போட்டியில் அருகில் இருக்கமாட்டார். அவர் கொடுத்த கல்வி இருக்கும்.

வெளியுலகில் இவ்வுண்மையை விதியாகவே வகுத்துள்ள போட்டிகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடைபெறும் கேப் எபிக் என்னும் போட்டியில் இருவர் இருவராகச் சேர்ந்தே ஓட்ட வேண்டும். எட்டு நாள் நடக்கும் அதில், தோழர் இருவரும் ஒருவரையொருவர் இரண்டு நிமிட இடைவெளிக்கு மேல் பிரியலாகாது. பிரிந்தால் ஒரு மணி நேரம் தண்டனையாகக் கூட்டப்படும். விரைந்து செல்ல வல்லவன் விரைந்து சென்றால் தோற்பான். தளர்ந்தவனைத் தூக்கிவிட்டுச் செல்பவனே வெல்வான். உலக வாகையர் போட்டியில் 1999 முதல் தொடரோட்டமும் சேர்க்கப்பட்டுள்ளது. அதில் ஆடவரும் மகளிரும் இளையோரும் ஒரே அணியாகச் சுற்றுக்கொருவர் ஓட்டுகின்றனர்.

எங்களுக்கு அத்தகைய சோதனை ஒன்று கார்கர் குன்றில் நேர்ந்தது. குழுவுக்கென ஒரு பொதுப்பெட்டி உண்டு. இயன்றவர் மாதம் 300 ரூபாய், இயலாதவர் 100 ரூபாய் இடுவார்கள். மூன்றாண்டு சேமிப்பில் 46,000 ரூபாய் சேர்ந்திருந்தது. எங்களுள் மிக விரைவாக ஓட்டும் பட்டறை இளைஞரையும், அவருக்கு அடுத்த நிலையிலிருந்த மராட்டிய இளைஞரையும் வயநாட்டில் நடைபெறவிருந்த ஒரு போட்டிக்கு அனுப்புவதற்காகவே அத்தொகை. புறப்பட ஆறு வாரம் இருக்கையில், உணவுப் பொட்டலம் சேர்க்கும் தோழர் இறக்கத்தில் தவறி விழுந்து காறை எலும்பு முறிந்தது. கையை ஊன்றி விழும் மிதிவண்டிக்காரருக்கு அடிக்கடி முறியும் எலும்பு அதுதான். ஆறு முதல் எட்டு வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர். அவருக்கோ கை அசைந்தால்தான் கூலி. வீட்டில் மூன்று குழந்தைகள்.

கட்டடத்து மொட்டைமாடியில் கூடினோம். வங்கி எழுத்தர் எழுந்து, "பெட்டி போட்டிக்கென்று சேர்த்தது. ஒரு முறை வேறு செலவுக்குத் திறந்தால் பிறகு அது பெட்டியாக இராது. உதவியை நாம் தனித்தனியே செய்வோம்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மாதம் நூறு ரூபாய் இடுபவர்கள் தனியே உதவ எங்கே போவார்கள் என்று ஆசிரியர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அடிபட்டவரோ, கழுத்தில் கட்டிய தூளியோடு வந்து அமர்ந்து, "தர்மக் காசு எனக்கு வேண்டாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டார். வயநாடு செல்லவிருந்த இருவரும் தலை குனிந்து ஒன்றும் பேசாமல் இருந்தனர். அவர்கள் பேசவேண்டும் என்று எதிர்பார்ப்பதே கொடுமை என்று எங்களுக்குத் தோன்றியது.

இறுதியில் அண்ணாச்சி ஒரு வழி சொன்னார். பெட்டியிலிருந்து 30,000 ரூபாய் அடிபட்டவருக்குக் கடன், வட்டியில்லை, வேலைக்குத் திரும்பியபின் மாதம் 500 ரூபாயாகத் திருப்ப வேண்டும், கணக்கேட்டில் கையெழுத்திட வேண்டும். கடன் என்றதும் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். மீதிப் பணத்தில் ஒருவர் மட்டும் போட்டிக்குச் செல்வது. மராட்டிய இளைஞர் விட்டுக்கொடுத்ததோடு, தம் பின்சக்கரத்தையும் கழற்றிக் கொடுத்தார். பட்டறை இளைஞர் இரவல் சக்கரத்தோடு இரண்டாம் வகுப்பு ரயிலில் சென்று, 27ஆவது இடத்தில் முடித்துத் திரும்பினார்.

அந்த 27ஆவது இடத்தைக் கண்டு வசதி மிக்க ஓர் அணியினர் அவரை அழைத்தனர். வண்டி, உடை, பயணச்செலவு எல்லாம் அவர்களே தருவர். எங்களால் தர இயலாதவை அவை. அவர் எங்களிடம் வந்து தயங்கி நின்றபோது, "போய்ட்டு வா தம்பி" என்று அண்ணாச்சி சொன்னார். போனவர் இன்றும் நன்றாக ஓட்டுகிறார். அவருடைய இடம் எங்கள் விடியற்காலை வரிசையில் வெறுமையாகவே இருக்கிறது. சிறந்தவரை உருவாக்கிப் பிறருக்குக் கொடுத்துவிடுவது அமெச்சூர்க் குழுக்களின் விதி போலும். நாற்றங்காலில் நின்ற பயிர் நடவுக்குப் போவதை எந்த உழவரும் இழப்பென்று சொல்வதில்லை. ஆயினும் பிடுங்கிய நாற்றங்காலைப் பார்த்தால் மனம் சற்றுக் கலங்கத்தான் செய்கிறது. அடிபட்ட தோழர் கடனில் பாதிக்குமேல் அடைத்துவிட்டார். ஒரு மாதமும் தவறவில்லை.

மகளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் மாணவியின் பாட்டி புதுக்கோட்டைப் பக்கத்தவர். பேத்தி காட்டில் வண்டி ஓட்டுவதை வீட்டார் தடுத்தபோது, அவளுக்காகப் பேசியவர் அந்தப் பாட்டியே. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தின்போது புதுக்கோட்டை மாவட்டத்தில் கிராமத்துப் பெண்கள் ஆயிரமாயிரமாக மிதிவண்டி பழகினார்கள். அவர்களுள் அவரும் ஒருவர். "நாங்க பஸ்ஸுக்குக் காத்திருக்காம சந்தைக்குப் போனோம். அவ மலைக்குப் போறா. போகட்டும்" என்றாராம். மூன்று தலைமுறையில் மிதிவண்டி ஒரு குடும்பத்தில் எவ்வளவு தொலைவு ஓடியிருக்கிறது!

வெளிமாநிலங்களில் வாழும் நேயர்களே! சொந்த ஊரில் நமக்கு உறவு பிறப்பிலேயே அமைகிறது. அயலூரில் அதை நாமே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் அதை நம் மொழியினரிடத்தில் மட்டும், பண்டிகை நாட்களில் மட்டும் தேடுகிறோம். நம் பிள்ளைகள் பிறந்த ஊரோ இந்த அயலூர்தான். அவ்வூரின் குன்றையும் காட்டையும், அவ்வூர்ப் பிள்ளைகளின் தோழமையையும் அவர்கள் தம் கால்களால் அறிய வேண்டாமா? எங்கள் குழுவில் தமிழும் மராட்டியும் இந்தியும் ஒரே வாக்கியத்தில் கலந்து ஒலிக்கின்றன. மொழிபெயர்ப்பாளருக்கு அங்கே வேலையில்லை.

தொடங்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். விலையுயர்ந்த வண்டியை முதலில் வாங்க வேண்டாம். உள்ள வண்டியில் ஓராண்டு ஓட்டிப் பாருங்கள். முதற்செலவு தலைக்கவசத்துக்கே ஆகட்டும். பஞ்சர் ஒட்டவும், செயின் இணைக்கவும், பிரேக்கைச் சீர்செய்யவும் கற்றுக்கொள்ளுங்கள். தனியே காட்டுப்பாதையில் செல்லாதீர்கள். நால்வர் சேர்ந்தால் ஒரு குழு. ஒருவர் அடிபட்டால் ஒருவர் அவரோடு இருக்க, மற்ற இருவர் உதவிக்குச் செல்லலாம் என்பதே இந்த நால்வர் கணக்கு. புணேயில் இருப்போர்க்குச் சிங்ககட், பெங்களூரில் இருப்போர்க்கு நந்தி மலை, தில்லியில் இருப்போர்க்கு ஆரவல்லிக் குன்றுகள் அருகிலேயே உள்ளன. எந்த மலையாயினும் அங்கே எவ்வழி திறந்திருக்கிறது என்று முன்னதாகக் கேட்டறிந்து செல்லுங்கள். பொதுப்பெட்டி ஒன்று வையுங்கள்; அதற்குக் கணக்கேடும் வையுங்கள்.

சுனாபட்டியில் சுண்ணாம்புச் சூளை எரிந்த காலத்தில், கல்லாக உள்ளே சென்றது நெருப்பில் வெந்து, சுவரோடு சுவரைப் பிணைக்கும் சாந்தாக வெளிவந்தது. பல ஊர்களிலிருந்து வந்தவர்களைச் சேர்த்துப் பிணைக்கும் வேலையை இன்று வேறு சூளைகள் செய்ய வேண்டியிருக்கின்றன. விடியற்காலைக் குன்றேற்றம் அவற்றுள் ஒன்று. அதில் பரிசு கிடைப்பது ஒருவர் இருவருக்கே. பஞ்சரான டயரோடு பாதி வழியில் தனியே நிற்கும்போது, கலங்காமல் கருவியை எடுக்கும் கையும், அந்தக் கைக்குப் பின்னே எட்டுப் பேர் இருக்கிறார்கள் என்ற எண்ணமும் எல்லோருக்கும் கிடைக்கின்றன.